ஒரே ஒரு சினைப்பையுடன் கருத்தரிக்க முடியுமா?

[திரையில்: கருப்பையின் வரைபடம், இடப்புறச் சினைப்பை மெல்ல மறைகிறது.]

கட்டிக்காகவோ, சினைப்பை முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுபோனதாலோ ஒரு பக்கச் சினைப்பையை இழந்த பெண்கள், குழந்தைக்கு முயலும்போது பெரும்பாலும் ஒரு கணக்குப் போடுகிறார்கள்: ஒரு மாதம் விட்டு ஒரு மாதம்தான் கருமுட்டை வரும், ஆகவே வாய்ப்பும் பாதிதான். பலரைத் தேவையில்லாமல் அழவைத்த கணக்கு இது.

இரண்டு சினைப்பைகளும் முறைவைத்து வேலை செய்வதில்லை. மாதந்தோறும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனால் முட்டையைத் தாங்கிய சிறு பைகளான நுண்ணறைகள் பல ஒரே நேரத்தில் வளரத் தொடங்கி, அவற்றுள் ஒன்று மட்டும் முந்திச் சென்று முட்டையை வெளியிடுகிறது. ஒரு சினைப்பை இல்லாதபோது அந்தப் போட்டி முழுவதும் மற்றொன்றுக்குள்ளேயே நடக்கிறது. எனவே மாதவிடாய் ஒழுங்காக வருபவர்களுக்குப் பெரும்பாலும் மாதந்தோறும் முட்டை வெளியாகும்.

[திரையில்: கருக்குழாயின் விரல் போன்ற நுனி அசைகிறது.]

முட்டையைக் கருப்பைக்குக் கொண்டுசெல்லும் கருக்குழாய், சினைப்பையோடு ஒட்டிய குழாய் அன்று. அதன் நுனி அசைந்து முட்டையை வாரி எடுக்கிறது. வலப்பக்கச் சினைப்பையும் இடப்பக்கக் குழாயும் மட்டுமே உள்ள பெண்கள்கூட இயற்கையாகக் கருத்தரித்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சையில் சினைப்பையோடு குழாயையும் எடுத்தார்களா என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. ஆகவே பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். எஞ்சிய குழாயில் அடைப்பு உண்டா என்பதை கருப்பைக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எச்.எஸ்.ஜி. எக்ஸ்ரே காட்டிவிடும்.

பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் வரை இருக்கும் முட்டைகளில், வாழ்நாள் முழுவதும் வெளியாவது 400 முதல் 500 வரைதான் என்பதால், ஒரு பக்கக் கையிருப்பு போனாலும் மாதவிடாய் நிற்பது சராசரியாக ஏறத்தாழ ஓராண்டுதான் முந்துகிறது. ஆனால் கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் காரணமாகச் சினைப்பையை எடுத்திருந்தாலோ, எஞ்சியதிலும் கட்டி அகற்றப்பட்டிருந்தாலோ நிலைமை வேறு. அப்போது முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை அவசியம். அந்த எண் குறைவாக வந்தால், சோதனைக் குழாய் முறையில் கிடைக்கும் முட்டைகள் குறையலாம் என்றே பொருள். இயற்கையாகக் கருத்தரிக்கவே முடியாது என்று பொருளில்லை.

முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களுமே கருத்தரிக்க ஏற்றவை. 28 நாள் சுழற்சியில் முட்டை வெளியாவது ஏறத்தாழ 14ஆம் நாள்.

35 வயதுக்கு உட்பட்டவர்கள் ஓராண்டும், கடந்தவர்கள் 6 மாதமும் முயன்று பார்க்கலாம் என்பது பொதுவான வழக்கம். சினைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அவ்வளவு காத்திராமல் முன்கூட்டியே ஆலோசனை பெறுவது நல்லது. அந்த முதல் சந்திப்பிலேயே கணவரின் விந்தணுப் பரிசோதனையும் நடக்கட்டும். மனைவிக்கு ஒரு சினைப்பைதான் என்று தெரிந்த வீடுகளில் அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.