நூறு ஆயுசு உனக்கு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோவில்பட்டியில் இருக்கும் என் அம்மாவுக்கு எப்போது போன் செய்தாலும் முதல் பேச்சு ஒன்றுதான். "இப்பதான் உன்னைய நினைச்சேன். நூறு ஆயுசு உனக்கு." காலையில் பேசினாலும் அதுதான், மத்தியானம் பேசினாலும் அதுதான். கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி பேசினாலும், சென்னையில் இருக்கும் தங்கச்சி பேசினாலும் அதே பேச்சு. நான் முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். எந்த எண்ணைப் போட்டாலும் ஒரே விடை வருகிறதென்றால், அந்தக் கணக்குக்குள் எங்கேயோ ஒரு மாறிலி இருக்கிறது என்று தோன்றும். அதைத் தேடிப் போன கதையைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

நம் வீடுகளில் தற்செயலுக்குப் பஞ்சமே இல்லை. சாப்பிடும்போது புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள். உச்சந்தலையில் தட்டிக்கொண்டே வெளியூரில் இருப்பவர்கள் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்போம். ஒரு விஷயம் பேசிக்கொண்டிருக்கும்போது பல்லி சத்தம் கொடுத்தால் அது நடந்துவிடும். வாசலில் காக்கை விடாமல் கத்தினால், "யாரோ விருந்தாளி வாராவ போல" என்று உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போடுவார்கள்.

இந்தக் காக்கை சங்கதி நேற்று வந்ததில்லை. குறுந்தொகையில் 210-ஆவது பாட்டு இதைத்தான் சொல்கிறது. பிரிந்து போன தலைவன் வீடு திரும்பியதும், அதுவரை தலைவியைத் தேற்றி வைத்திருந்த தோழியைப் பாராட்டுகிறான். தோழி அந்தப் பாராட்டைக் காக்கைக்குக் கொடுத்துவிடுகிறாள். நள்ளி என்ற வள்ளலின் காட்டு ஆயர்கள் கறந்த பாலின் நெய்யை, தொண்டியில் விளைந்த வெண்ணெல் சோற்றில் விட்டு ஏழு கலத்தில் ஏந்திக் கொடுத்தாலும், விருந்து வரும் என்று கரைந்த காக்கைக்கு அது குறைவுதான் என்கிறாள். இதைப் பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்ற பேரே நிலைத்துவிட்டது. எனக்கு அந்தப் பாட்டில் இன்னொன்றும் தெரியும். காக்கை கத்தியும் யாரும் வராத நாட்கள் அந்த வீட்டில் எத்தனை போயிருக்கும்! அந்த நாட்களிலும் அவள் வாசலுக்கு வந்து பார்த்திருப்பாள் இல்லையா?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சொல்வோம். எங்கள் ஆச்சி ஊரில் அந்தக் காக்கையும் உண்டு, பனம்பழமும் உண்டு. ஆடி, ஆவணியில் பழம் பழுக்கும். ஒரு கிலோவுக்கு மேல் கனமுள்ள பழம் ராத்திரியில் 'தொப்'பென்று விழுவது வீட்டுக்குள் படுத்திருக்கும் எங்களுக்குக் கேட்கும். விடிவதற்கு முன்னால் ஓடினால்தான் நமக்கு. கொஞ்சம் அசந்தால் அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு. பழத்தைச் சுட்டு, நாரை இழுத்து இழுத்துச் சப்புவோம். வாயைச் சுற்றி மஞ்சளாக ஒட்டிக்கொள்ளும். அப்போது தோன்றாதது, பல வருஷம் கழித்து நிகழ்தகவுப் பாடம் நடத்தும்போது தோன்றியது. ராத்திரியில் காக்கை வந்து உட்காராது. ஆனாலும் விடிந்தால் மரத்தடியில் நாலு பழம் கிடக்கும். காக்கை எப்போது வந்து உட்கார்ந்தாலும் விழுவதற்கு ஒரு பழம் தயாராக இருந்தது என்பதுதான் விஷயம். நாம் காக்கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறந்த நாள் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் எனக்கும் என் கணவருக்கும் சான்றிதழில் பிறந்த தேதி ஒன்றுதான், ஜூன் 1. என் நாத்தனாருக்கும் அதே ஜூன் 1. கல்யாணமான புதிதில் இதைக் கேட்டவர்களெல்லாம் என்ன பொருத்தம் என்று ஆச்சரியப்பட்டார்கள். நானும் கொஞ்ச நாள் சந்தோஷப்பட்டேன். அப்புறம் வேலைக்குச் சேர்ந்து, பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, பழைய பக்கங்களில் பாதி ஊரே மே, ஜூன் மாதங்களில் பிறந்திருக்கிறது.

காரணம் என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். வீட்டில் பிரசவம் நடந்த காலம். பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் தலைமை ஆசிரியர், வலது கையைத் தலைக்கு மேலே கொண்டு போய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது என்று கணக்கு. பள்ளி திறக்கும் மாதத்தை ஒட்டி அவரே ஒரு தேதி எழுதிக்கொள்வார். அம்மா என்னிடம் சொல்வது வேறு. "தனுஷ்கோடி அழிஞ்ச மார்கழில நீ நாலு மாசக் கைக்குழந்தை. காத்துக்குக் கூரை போயிருமோன்னு ஒன்னைய மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்." அந்தப் புயல் 1964 டிசம்பரில் வந்தது. அப்படியானால் நான் ஆவணியில் பிறந்தவள். ஜூன் 1 என்பது முகமே நினைவில்லாத ஒரு தலைமை ஆசிரியர் எனக்குக் கொடுத்த நாள். அந்த நாளை வைத்துத்தான் 2024 மே 31 அன்று ஓய்வு பெற்றேன். அன்றைக்கு எங்கள் பள்ளியில் மட்டும் மூன்று பேருக்கு மாலை போட்டார்கள்.

இது ஆள் எழுதிய பொருத்தம். யாரும் எழுதாமலே வரும் பொருத்தமும் உண்டு. வருஷா வருஷம் வகுப்பில் அதைச் செய்து காட்டுவேன். "நம்ம வகுப்புல ரெண்டு பேருக்கு ஒரே பிறந்த நாள் இருக்குமா?" என்று கேட்டால், வருஷத்துக்கு 365 நாள், நாம் 40 பேர், இருக்காது டீச்சர் என்பார்கள். ஒவ்வொருவராகத் தேதியைச் சொல்லச் சொல்ல நான் பலகையில் எழுதிக்கொண்டே வருவேன். இருபதைத் தாண்டும்போது வகுப்பு அமைதியாகிவிடும். திடீரென்று ஒரு மூலையிலிருந்து "எனக்கும் அன்னைக்குத்தான் டீச்சர்!" என்று ஒரு குரல் வரும். 23 பேர் இருந்தாலே பாதிக்குப் பாதி வாய்ப்பு வந்துவிடுகிறது. 40 பேர் என்றால் நூற்றுக்கு 89. எப்படி என்று கேட்டால், நாம் ஆட்களை எண்ணுகிறோம், எண்ண வேண்டியது ஜோடிகளை. 23 பேருக்குள் 253 ஜோடி இருக்கிறது. அவற்றில் எந்த ஜோடி பொருந்தினாலும் பொருத்தம்தான். அது வரைக்கும் பேசியே பழகாத இரண்டு பிள்ளைகள் அன்று மத்தியானம் சேர்ந்து சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, அம்மாவிடம் வருகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தீபாவளிக்கு அம்மாவுக்கு நான் திருநெல்வேலியில் ஒரு சுங்குடிச் சேலை எடுத்தேன். கத்திரிப்பூ நிறம், உடம்பெல்லாம் கடுகுபோல் வெள்ளைப் புள்ளி. தம்பி கோயம்புத்தூரிலிருந்து ஒரு பை கொண்டுவந்தான். அதைப் பிரித்தால் அதே கத்திரிப்பூ, அதே புள்ளி. கரை மட்டும்தான் வேறு. "ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டா வாங்குனீங்க?" என்று அம்மா கேட்டார்கள். பேசிக்கொள்ளவே இல்லை. ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து தம்பியும் நானும் யோசித்து யோசித்துப் பார்த்தோம். கடைசியில் அவனுக்குத்தான் நினைவு வந்தது. அந்த ஆவணியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் எதிர் வரிசையில் இருந்த ஒரு அம்மாளைப் பார்த்து, "கத்திரிப்பூ கலர் எம்புட்டு பதவிசா இருக்கு பாரு" என்று அம்மா யாரிடமோ சொன்னார்கள். இவன் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறான், நான் ஒரு பக்கம். இரண்டு பேரும் கேட்டோம், மறந்தோம். கடையில் நூறு சேலையைப் புரட்டும்போது கை மட்டும் மறக்கவில்லை. அம்மா இரண்டு சேலையையும் கட்டினார்கள், ஒன்று காலையில், ஒன்று சாயங்காலம்.

போன வருஷம் அம்மாவுக்குக் கண்புரை அறுவை நடந்தது. ஓய்வு பெற்றிருந்ததால் இரண்டு வாரம் கூடவே இருக்க முடிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு நாள் தொடர்ந்து அம்மாவோடு இருந்தது அதுதான் முதல் தடவை. கண்ணுக்கு நாளைக்கு நாலு வேளை சொட்டு மருந்து. குனியக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது. வேலை இல்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவை நான் பார்த்ததே இல்லை. அதனால்தானோ என்னவோ, அவர்கள் பேசுவது இந்தத் தடவை என் காதில் நன்றாக விழுந்தது.

முருங்கைக்காய்க்காரர் குரல் கேட்டால், "தம்பிக்குன்னா இது பிடிக்கும்." மழை தூறினால், "சென்னைல தண்ணி கட்டியிருக்குமோ, சின்னவ எப்படி ஆபீஸ் போவா?" நான் கடலைமிட்டாய் டப்பாவைத் திறந்தால், "அடியில இருக்கது பேரனுக்கு, அதை எடுத்திராத." மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தேன். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. தம்பியைப் பற்றி வாய்விட்டுச் சொன்னால் மட்டும் ஒரு கோடு. அம்மாவிடம் சொல்லவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்ததிலிருந்து ராத்திரி ஒன்பதுக்குப் படுக்கிற வரைக்கும் 27 கோடு.

ராத்திரி எட்டே முக்காலுக்குத் தம்பி போன் செய்தான். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான், "வெந்நீர் வச்சுக் குளிச்சானோ, பச்சைத் தண்ணில ஊத்திக்கிட்டானோ" என்று அம்மா சொல்லி, நான் கடைசிக் கோட்டைப் போட்டிருந்தேன். போனைக் காதில் வைத்ததும், "இப்பதான் நினைச்சேன்யா, நூறு ஆயுசு உனக்கு." தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டேன். 16 மணி நேரத்தில் 27 தடவை என்றால், சராசரியாக 36 நிமிஷத்துக்கு ஒரு தடவை. இது வாயில் வந்தது மட்டும். மனசுக்குள் ஓடியதற்குக் கோடு போட முடியாது. அவன் எந்த நேரத்தில் போன் செய்திருந்தாலும் 'இப்பதான்' நினைத்திருப்பார்கள். நாங்கள் மூன்று பேரும் இத்தனை வருஷமாகக் காக்கை மாதிரி எப்போதாவது போய் உட்கார்ந்திருக்கிறோம். மரம் வருஷம் பூராவும் பழுத்தே இருந்திருக்கிறது.

திருநெல்வேலிக்கு வந்த பிறகு ஒரு நாள் எனக்கும் கோடு போட்டுப் பார்த்தேன். விடிந்ததிலிருந்து படுக்கும் வரை அம்மாவை எத்தனை தடவை நினைத்தேன் என்று உண்மையாகவே எண்ணினேன். மூன்று. அதில் ஒன்று, சொட்டு மருந்து தீர்ந்திருக்குமே, வாங்கி அனுப்ப வேண்டுமே என்பது. அந்தத் தாளை மடித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். கண்ணாடியை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும். அதைப் பார்த்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அம்மாவாகக் கூப்பிட்ட நாட்களில் நான் ஒரு தடவைகூட "இப்பதான் உங்கள நினைச்சேன்" என்று சொன்னதில்லை. "என்னம்மா, ஏதும் விஷயமா?" என்றுதான் கேட்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் பின்வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அம்மா ஆயும்போது ஒரு காம்பு விழாது. ஈர்க்கின் அடியைப் பிடித்து ஒரே இழுப்பு, இலையெல்லாம் முறத்தில் விழும். எனக்கு இந்த வயதிலும் அந்த இழுப்பு வரவில்லை, பாதிக் காம்பு கீரையோடு வந்துவிடும். அம்மா கை நினைவுக்கு வந்து, அதே மாதிரி இழுத்துப் பார்த்தேன். அந்த நேரம் போன் அடித்தது. கோவில்பட்டி.

"அம்மா, இப்பதான் உங்கள நினைச்சேன். நூறு ஆயுசு" என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "கீரை ஆஞ்சிட்டியா?" என்று கேட்டார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"இன்னைக்கு வியாழக்கிழமைல்லா. உங்க தெருவுக்குக் கீரைக்காரம்மா வார நாளு."

வணக்கம்.