ஓடுகிற யானை வேண்டும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ரயில்வே அதிகாரிகளே, பவானி, பெருந்துறை, கோபி பக்கமிருந்து வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, பொன்னாடை போர்த்திய விழாக் குழுவினரே, எல்லாருக்கும் மேலாக ஈரோடு டீசல் ஷெட்டில் உழைத்து ஓய்வுபெற்ற பிட்டர் அண்ணன்மார்களே, வணக்கமுங்க.

டபிள்யூடிஎம்-2 டீசல் ரயில் இன்ஜின் உழைத்த கதை, அதைக் காக்கும் வழி, பொள்ளாச்சிப் பாதையில் ஓடிய மீட்டர் கேஜ் டீசல்கள் என்று மூன்று செய்தி பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலாவது சுருக்கமாக. அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் வடிவம். 1962இல் இறக்குமதியானது, 1964 முதல் வாரணாசியில் நாமே கட்டினோம். 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன், இழுவையைக் கூட்டிக் குறைக்க நாட்ச் என்ற எட்டுப் படி. 1969இல் ஆல்கோ கடையை மூடிய பிறகும் நம் உற்பத்தி நிற்கவில்லைங்க. மின்கம்பி வந்ததும் வேலை போனது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இறந்த யானைக்கு விலை சொல்லப் பழைய இரும்புக்காரர் வாசலிலேயே நிற்கிறார். நான் கேட்பது இருக்கிற யானைக்குங்க.

ஷெட்டுகளில் ஒரு கதை சொல்வார்கள். வருஷக்கணக்கில் சும்மா நின்ற இன்ஜினை விழாவுக்குக் கிளப்ப ஏற்பாடு. முதல்நாள் தண்ணீர் நிரப்பியாயிற்று. பேட்டரி புதுசு, மாலை போட்டாச்சு, எலுமிச்சை வைத்தாச்சு, நாதஸ்வரமும் வந்தாச்சு. இந்த வண்டியில் மெயின் ஜெனரேட்டரே ஸ்டார்ட்டர் மோட்டாராகச் சுற்றும். பட்டனை அழுத்தினார்கள். "டொம்!" ஒரே சத்தம். சிலிண்டர் ஹெட்டில் மயிரிழை விரிசல்; ராத்திரி முழுக்கக் கசிந்த தண்ணீர் பிஸ்டன் மேல் தேங்கியிருந்தது. தண்ணீர் அமுங்குமாங்க? கனெக்டிங் ராடு வளைந்தது. வந்த பெரியவர் நாதஸ்வரம் கேட்டுவிட்டுக் கார் ஏறினாராம்!

இதைத் தவிர்க்க அரைநாள் போதும். சிலிண்டர்களின் சோதனை அடைப்புகளைத் திறந்து, கிராங்க் ஷாப்டைக் கம்பி கொடுத்து இரண்டு முழுச் சுற்று திருப்புங்கள். நான்கு வீச்சு இன்ஜின். இரண்டு சுற்றில்தான் எல்லாச் சிலிண்டரும் தன் முறையை முடிக்கும். சொட்டு வந்தால் அந்த ஹெட்டை இறக்கியாக வேண்டும். வெளிப் பம்பு வைத்து பேரிங்குகளுக்கு எண்ணெய் ஏற்றிய பிறகே பட்டன் பக்கம் போகலாம். ரேடியேட்டருக்கு நம்மூர் போர் தண்ணீர் ஆகவே ஆகாது; உப்பு படிந்து, சூடேறி, மறுபடி ஹெட் விரியும். கனிமம் நீக்கிய நீரில் துருத்தடுப்பு மருந்து கலக்கணும். ஜெனரேட்டர், சக்கரத்தைச் சுழற்றும் டிராக்ஷன் மோட்டார் சுருள்களை மெக்கர் என்ற மின்காப்புச் சோதனைக் கருவியில் பார்க்காமல் மின்சாரம் விடக்கூடாது, ஈரம் ஏறியிருக்கும்.

"மாதமொரு தடவை நின்ற இடத்திலேயே ஓடவிட்டால் போதாதா?" என்று அதிகாரி ஐயா கேட்டார். நல்ல கேள்விங்க. பாரமில்லாமல் மணிக்கணக்கில் ஐடிலில் ஓடினால் எரியாத டீசலும் எண்ணெயும் புகைக்குழாயில் பசையாகச் சேரும். பிறகு நாட்ச் ஏற்றும்போது தீப்பிடிக்கும், இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போவும் கெடும். பெட்டி கோத்துப் பாரம் இழுக்கணும். ஆகவே ஈரோட்டிலிருந்து கொடுமுடி வரை மாதமொரு ஓட்டம் கேட்கிறோம். பெயிண்ட் அடித்து ஸ்டேஷன் வாசலில் நிறுத்துவது இறந்த யானைக்குப் பட்டம் கட்டுவதுங்க. இருக்கிற யானைக்குத்தான் ஆயிரம் பொன்!

மீட்டர் கேஜ் பற்றித் தேநீருக்குப் பிறகு பேசுவோம். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மாதமொரு ஓட்டம் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. பிட்டர் அண்ணன்மார்கள் கையெழுத்தோடு டர்போவா, இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரா, டிராக்ஷன் மோட்டாரா, எந்தப் பிரிவில் வேலை பார்த்தீர்கள் என்பதையும் எழுதிவிட்டுப் போங்க.