கியோஜாவில் ஒரு குடும்பக் கடை: மட்டி ஸ்பகெட்டியும் நீல நண்டும்

வணக்கம் மக்களே! இன்னிக்கு கியோஜால இருக்கேன். வெனிஸ் காயலோட தெக்குக் கடைசியில இருக்கிற மீன்பிடி ஊரு இது. பின்னாடி தெரியுது பாருங்க, வாய்க்கால், அதுல வரிசையா படகு. கடை சின்னதுதான். அம்மா அடுப்படியில, பையன் ஆர்டர் எடுக்கிறார், அப்பா கல்லாவுல உட்கார்ந்துகிட்டு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் கதை பேசுறார். மேஜை மேல விரிச்சிருக்கிறது வெறும் பேப்பர்.

மதியச் சாப்பாட்டுக்கு வர்றதா இருந்தா பன்னெண்டரையில இருந்து ரெண்டு மணிக்குள்ள வந்துடுங்க. அப்புறம் அடுப்பை அணைச்சுட்டாங்கன்னா ராத்திரி ஏழு, ஏழரைக்குத்தான். திங்கக்கிழமை மட்டும் மீன் சாப்பிட வராதீங்க, அன்னிக்கு இங்க மீன் மார்க்கெட்டே கிடையாது.

மெனு கார்டைக் கொஞ்சம் கிட்ட காட்டுறேன். பேர் பக்கத்துல குட்டியா நட்சத்திரக் குறி இருக்கா? அது ஃப்ரோசன் சரக்கு. இங்க அதைச் சொல்லாம விக்கக் கூடாது. நட்சத்திரத்தைப் பார்த்தவுடனே மூஞ்சியைச் சுளிக்கவும் வேண்டாம். பச்சையா பரிமாறுற கடல் மீனை மைனஸ் 20 டிகிரியில குறைஞ்சது 24 மணி நேரம் வச்சு எடுக்கணும்னு ஐரோப்பிய யூனியன் விதியே இருக்கு, புழு சாகணும்ல. நீங்க உஷாரா பார்க்க வேண்டியது விலையைத்தான். முழு மீனுக்கு நேரா ‘எத்தோ’ன்னு போட்டிருந்தா, அது நூறு கிராமுக்கு உண்டான விலை. 7 யூரோதானேன்னு தலையாட்டிட்டீங்கன்னா, 800 கிராம் மீனுக்கு 56 யூரோ பில்லு வரும். மீனைக் கொண்டு வந்து காட்டச் சொல்லுங்க, எடை எவ்வளவுன்னு கேளுங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

ஆங், வந்துடுச்சு! ஸ்பகெட்டி வோங்கோலே. மட்டி போட்ட ஸ்பகெட்டி. என்னைக் கேட்டா, ஒரு கடையோட லட்சணத்தை இந்த ஒரு தட்டுலயே சொல்லிடலாம். ஏன்னா இதுல ஒளிச்சு வைக்க எதுவுமே இல்ல. பூண்டு, ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் வெள்ளை வைன், பார்ஸ்லி, மட்டி, அவ்வளவுதான். கிரீம் கிடையாது. பின்ன இந்தக் குழம்பு எப்படி இவ்வளவு கொழகொழன்னு இழையில ஒட்டுது? மட்டியை மூடி போட்டு வேக வச்சா வாயைத் திறந்து ஒரு உப்புத் தண்ணி விடும். ஸ்பகெட்டியை முக்கால் வேக்காட்டுல எடுத்து அந்தத் தண்ணியில போட்டு, விடாம பிரட்டணும். பாஸ்தாவுல இருந்து இறங்குற மாவுச்சத்து, எண்ணெயையும் தண்ணியையும் சேர்த்துப் பிடிச்சுக்கும். முள்கரண்டியைத் தூக்குறேன், பாருங்க... தட்டுல எண்ணெய் தனியா தேங்கி நிக்குதா? இல்ல. கடிச்சா நடுவுல லேசா ஒரு அழுத்தம். மண்ணு? ம்ம்... ஒரு பொடி கூட நறநறங்கல. உப்புத் தண்ணியில ஊற வச்சுப் பொறுமையா மண்ணைக் கக்க விட்டிருக்காங்க. மூடியே இருக்கிற மட்டி ஒண்ணு கிடக்கு, அதைக் கத்தி வச்சு நெம்பாம ஓரமா ஒதுக்கிடுறேன்.

சீஸ் கேக்காதீங்க. கேட்டா அடிக்க மாட்டாங்க, ஆனா அந்தப் பையன் பார்க்கிற பார்வை இருக்கே! மீன், மட்டி போட்ட பாஸ்தாவுல சீஸ் தூவுனா கடல் வாசனையே அமுங்கிப் போயிடும்ங்கிறது இவங்க கட்சி. நானும் அந்தக் கட்சிதான். மிச்சக் குழம்பை ரொட்டியால வழிச்சுச் சாப்பிடுங்க, இந்த மாதிரி கடையில அது மரியாதைதான்.

ரொட்டின்னதும் ஞாபகம் வருது. பில்லுல ‘கோப்பெர்த்தோ’ன்னு ஆளுக்கு ரெண்டு, மூணு யூரோ இருந்தா பதறாதீங்க. ரொட்டி, மேஜை, தட்டு எல்லாத்துக்கும் சேர்த்து வாங்குறது. மெனுவுலயே போட்டிருக்கணும். அதைக் கொடுத்துட்டு டிப்ஸ் வேற யோசிச்சுத் தவிக்க வேண்டாம்.

அடுத்து என்னன்னா, நீல நண்டு! அமெரிக்காவோட அட்லாண்டிக் கரையில இருந்து வந்த இனம். 2023ல இங்கிருந்து தெக்க போ நதி டெல்டாவுல பெருகி, மட்டிப் பண்ணைகளையே தின்னு தீர்த்துடுச்சு. கோரோ ஊர்ல மட்டி வளர்க்கிறவங்க பொழப்பே ஆடிப் போச்சு. அரசாங்கம் 29 லட்சம் யூரோ ஒதுக்குச்சு. வேடிக்கை என்னன்னா, பண்ணையில வளர்க்கிற மட்டியே வெளியூர்க்காரங்கதான். பசிபிக் பக்கத்து இனம், 1983ல இந்தக் காயல்ல கொண்டு வந்து விட்டாங்க. வந்தேறியை வந்தேறி திங்குது, அதை நாம திங்கப் போறோம்.

பையன் தட்டோட வர்றார். தக்காளியில பிரட்டி, ஓட்டோட கொண்டு வந்திருக்காங்க. இதுக்கு ரெண்டு கையும் வேணும். கேமராவை ஆஃப் பண்றேன் மக்களே!