நாற்பது லட்சம் விற்ற தோல்வி

நேயர்களுக்கு வணக்கம். ஓர் இசைத்தட்டு எதிர்பார்த்தபடி விற்காமல் போனதற்கு வானொலியின் மேல் பழி விழுந்த கதையை, வானொலி நிலையத்திலேயே உட்கார்ந்து சொல்லும் வாய்ப்பு எனக்கு இன்று கிடைத்திருக்கிறது. அந்த இசைத்தட்டின் பெயர் 'டஸ்க்', அதாவது தந்தம். ஃப்ளீட்வுட் மேக் என்னும் ராக் குழு 1979 அக்டோபரில் அதை வெளியிட்டது.

இந்தக் குழு 1967இல் லண்டனில் புளூஸ் என்னும் கறுப்பின அமெரிக்க இசையை வாசிப்பதற்காகத் தொடங்கப்பட்டது. டிரம்ஸ் வாசிக்கும் மிக் ஃப்ளீட்வுட், பேஸ் கிதார் வாசிக்கும் ஜான் மெக்வீ ஆகிய இருவரின் பெயரையும் ஒட்டித்தான் குழுவின் பெயர். மற்றவர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். 1970களின் நடுவில் ஜானின் மனைவி கிறிஸ்டின் மெக்வீயும், அமெரிக்கர்களான லிண்ட்சி பக்கிங்ஹாம், ஸ்டீவி நிக்ஸ் என்ற காதலர்களும் அதில் இருந்தார்கள். இரண்டு ஜோடிகளும் முறிந்துகொண்டிருந்த நாட்களில், ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த மனத்தாங்கலையே பாட்டாக எழுதி, அதை அந்த ஒருவரையே வாசிக்கவும் பாடவும் வைத்து, 1977இல் 'ரூமர்ஸ்' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது மொத்தம் 31 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் வந்தது. ஒரு சில ஆண்டுகளுக்குள் ஒரு கோடிக்கும் மேல் விற்றது.

அப்படி ஒரு ஆல்பம் கையில் இருக்கும்போது, வெளியிட்ட வார்னர் நிறுவனம் அடுத்து என்ன எதிர்பார்த்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் குழுவின் ஒலியை வடிவமைத்து வந்த பக்கிங்ஹாமுக்கு அதே பலகாரத்தை அதே அச்சில் இன்னொரு தடவை வார்க்க மனம் வரவில்லை. பங்க், நியூ வேவ் என்று புதிதாகக் கிளம்பியிருந்த முரட்டு இசையை அவர் அப்போது ஆவலோடு கேட்டுக்கொண்டிருந்தார். லாஸ் ஏஞ்சலிஸில் இந்தக் குழுவுக்கென்றே பெரும் செலவில் புதிய ஒலிப்பதிவுக் கூடம் தயாராகியிருந்தபோதும், அவர் தம் வீட்டிலேயே தனியாக உட்கார்ந்து, எல்லா வாத்தியங்களையும் தாமே வாசித்துப் பல பாடல்களைப் பதிவு செய்தார். காகிதக் கைக்குட்டை வரும் அட்டைப்பெட்டியைத் தட்டி அதையே டிரம்ஸாக வைத்துக்கொண்டார். மைக்கைக் குளியலறைத் தரையில் ஒட்டிவிட்டு, தண்டால் எடுப்பவரைப் போல அதன் மேல் கவிழ்ந்து பாடினார். குரலில் ஒரு மூர்க்கம் வர வேண்டும் என்பதற்காகவாம். இத்தனை எளிய உபாயங்களையும் உள்ளடக்கிய ஆல்பத்துக்கு ஆன மொத்தச் செலவு பத்து லட்சம் டாலருக்கு மேல் என்பதும், அதுவரை எடுக்கப்பட்ட ராக் ஆல்பங்களில் மிகச் செலவானது இதுதான் என்று அப்போது பேசிக்கொண்டார்கள் என்பதும் தனிச் சிரிப்பு.

வெளிவந்தது இரட்டை இசைத்தட்டு. மொத்தம் 20 பாடல்கள். பக்கிங்ஹாமுடையவை ஒன்பது, கிறிஸ்டினுடையவை ஆறு, நிக்ஸுடையவை ஐந்து. இந்த எண்ணிக்கையைவிட அவற்றை அடுக்கியிருக்கும் விதம்தான் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திக் கேட்க வைக்கிறது. தொடக்கத்தில் கிறிஸ்டினின் 'ஓவர் அண்ட் ஓவர்'. நிதானமான நடை, கனிந்த குரல், பின்னால் மெல்ல விரியும் கூட்டுக்குரல்கள். 'ரூமர்ஸ்' வாங்கியவர் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கும் அளவுக்குப் பழகிய ஒலி. அது ஓய்ந்ததும் 'தி லெட்ஜ்' பாய்ந்து வருகிறது. இரண்டே நிமிடப் பாட்டு. கிதார் தகரத்தை உரசுவதுபோல் ஒலிக்கிறது. குரலோ பக்கத்து அறையிலிருந்து யாரோ கத்துவதுபோல் வாத்தியங்களுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. இரண்டும் ஒரே குழுவின் பாடல்கள்தாம் என்று சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள். ஆல்பம் முழுவதும் இந்த இழுபறி தொடர்கிறது. நிக்ஸின் 'சாரா'வைப் போல ஆறு நிமிடத்துக்கும் மேலாக அலையலையாக வரும் பாட்டில் மனம் தோய்ந்திருக்கும்போதே, பக்கிங்ஹாம் வந்து கதவைத் தட்டிவிடுகிறார்.

தலைப்புப் பாடல் இன்னும் விசித்திரம். கச்சேரிகளில் மேடை ஏறும் முன் வாசித்துப் பழகிய ஒரு தாளக்கட்டுதான் அதற்கு மூலம். அதன்மேல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேண்டு வாத்தியக் குழுவை ஏற்றலாம் என்ற யோசனை மிக் ஃப்ளீட்வுட்டுக்கு வந்தது. நூறு பேருக்கு மேற்பட்ட மாணவர்களை லாஸ் ஏஞ்சலிஸின் டாட்ஜர் மைதானத்தில் நிறுத்தி, ஆட்டமில்லாத ஒரு நாளில், திறந்த வெளியில் பதிவு செய்தார்கள். ஜான் மெக்வீ அன்று ஊரில் இல்லாததால் அவருடைய ஆளுயர அட்டைப் படத்தைத் தூக்கிக்கொண்டு ஃப்ளீட்வுட் மைதானத்தில் சுற்றி வந்ததைப் பாடலின் காட்சிப்பதிவில் இன்றும் பார்க்கலாம். ஊர்வலத்துக்கும் காட்டுச் சடங்குக்கும் நடுவில் நிற்கும் அந்தப் பாட்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதல் பத்துக்குள் வந்தது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

ஆக, மக்கள் புறக்கணித்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. பிரிட்டனில் ஆல்பம் முதலிடத்தைப் பிடித்தது. அமெரிக்காவில் நான்காம் இடம் வரை போனது. உலகெங்கும் சுமார் 40 லட்சம் பிரதிகள் விற்றன. விமரிசகர்களில் சிலர் பீட்டில்ஸ் குழுவின் புகழ்பெற்ற இரட்டை இசைத்தட்டான 'வெள்ளை ஆல்பத்தோடு' இதை ஒப்பிட்டார்கள். வேறு எந்தக் குழுவுக்கும் இது கொண்டாட்டம். ஆனால் ஒரு கோடி விற்றவனின் தம்பி நாற்பது லட்சத்தோடு வீட்டுக்கு வந்தால் என்ன பெயர் கிடைக்குமோ, அதுதான் இதற்கும் கிடைத்தது.

பழி யார்மேல் என்ற கேள்வி எழுந்தபோதுதான் வானொலி உள்ளே வருகிறது. வெளியீட்டை ஒட்டி, அமெரிக்காவின் ஆர்.கே.ஓ. நிறுவனத்து வானொலி நிலையங்கள் ஆல்பம் முழுவதையும் ஒலிபரப்பின. கேட்டவர்கள் அதை அப்படியே வீட்டில் ஒலிநாடாவில் பதிவு செய்துகொண்டார்கள், பிறகு கடைக்குப் போகவில்லை என்பது ஃப்ளீட்வுட்டின் வாதம். வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆல்பத்தின் நீளம் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 90 நிமிடக் கேசட் ஒன்றில் மிச்சம் வைத்து அடங்கிவிடும். கடையிலோ அதன் விலை ஏறத்தாழ 16 டாலர். பதிவுப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, அறிவிப்பாளர் எப்போது பேச்சை முடிப்பார் என்று காத்திருந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நானும். எனவே அந்த அமெரிக்க இளைஞர்களைக் குற்றம் சொல்ல எனக்கு அருகதை இல்லை.

இருந்தாலும், பிடித்துப்போன பாட்டைக் கேசட்டில் பதிவு செய்தவர்தான் பிறகு காசு சேர்த்து இசைத்தட்டை வாங்குவார் என்பதும் அனுபவம். என் கணிப்பில் வானொலி விற்பனையைக் கெடுத்தது உண்மையானால், பதிவு செய்ய விட்டதைவிட, வாங்குமுன் முழுவதையும் கேட்க விட்டதே அதிகம் கெடுத்திருக்கும். 'ரூமர்ஸ்' என்ற பெயரை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு கடைக்குப் போயிருக்க வேண்டியவர்கள், இரண்டாவது பாட்டிலேயே விழித்துக்கொண்டார்கள். அந்த வகையில் வானொலி நேர்மையாகத்தான் நடந்துகொண்டது.

குழுவுக்குள் இதன் விளைவு உடனே தெரிந்தது. இனி இந்த வழி வேண்டாம் என்று மற்றவர்கள் சொல்லிவிட, பக்கிங்ஹாம் 1981இல் தனி ஆல்பம் போட்டார். 1982இல் குழு வெளியிட்ட 'மிராஜ்' பழைய பளபளப்புக்குத் திரும்பி, அமெரிக்காவில் முதலிடத்தையும் பிடித்தது. 'டஸ்க்' முதன்முதலில் குறுந்தட்டில் வந்தபோது இடம் போதாதென்று 'சாரா'வையே வெட்டிச் சுருக்கினார்கள். அதன் மதிப்பு மெல்ல மெல்லத்தான் ஏறியது. கேம்ப்பர் வான் பீத்தோவன் என்ற ராக் குழு ஆல்பம் முழுவதையும் தாங்களே மறுபடி வாசித்துப் பதிவு செய்து வெளியிட்டது; 2004இலும் 2015இலும் விரிவாக்கிய பதிப்புகள் வந்தன.

1997இல் ஐந்து பேரும் மீண்டும் ஒரே மேடையில் ஏறினார்கள். அந்த நிகழ்ச்சியின் கடைசிப் பகுதியில், பழைய தாளக்கட்டை ஃப்ளீட்வுட் எடுத்து வாசிக்க, அதே பல்கலைக்கழகத்தின் பேண்டு வாத்தியக் குழு சீருடையில் அரங்குக்குள் அணிவகுத்து வந்தது. டாட்ஜர் மைதானப் பதிவு நடந்த ஆண்டில் அந்த மாணவர்களில் பலர் பள்ளிக்கூடம்கூடப் போயிருக்க மாட்டார்கள். டிராம்போன்களை உயர்த்திப் பிடித்து, தோல்வி என்று பெயரெடுத்த ஆல்பத்தின் அந்தப் பாட்டை அவர்கள் முழங்கியபோது, கூட்டம் எழுந்து நின்று கேட்டது.