சிவப்புக் கோட்டு

நேயர்களுக்கு வணக்கம். திருநெல்வேலி டவுனில் எங்களுடையது படங்களுக்குச் சட்டம் போடும் கடை. அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. போன ஆடியில் ஒருவர் தம் பூட்டனார் படத்தைப் பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்தார். ஜமீன் வகையறா. சிவப்பு வெல்வெட் கோட்டு, சரிகைத் தலைப்பாகை, இடுப்பில் வாள். ஓவியம் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

சட்டத்தைக் கழற்றினேன். மரத்துக்கு அடியில் இருந்த ஓரத்தில் விரல்கடை அகலத்துக்கு வர்ணம் படவில்லை. அங்கே கோட்டின் முழங்கை தெரிந்தது, கன்னங்கரேல் என்று. படம் போட்டோதான், மேலே வர்ணம் ஏற்றியிருக்கிறார்கள்.

அப்படியானால் கோட்டு கறுப்பா? அதையும் சொல்லிவிட முடியாது. 1851-இல் வந்த கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி ஈரம் காயுமுன் படம் பிடிப்பார்கள். அந்த மருந்துக்கு நீல ஒளிதான் உறைக்கும், சிவப்பு உறைக்காது. அதனால் நீலப் பட்டு வெளுத்துப்போகும், சிவப்பு வெல்வெட் கறுத்துப்போகும். நம் ஊர் மாநிறமும் இரண்டு படி கூடுதலாகக் கறுத்துத்தான் விழும். அத்தனை உடுப்பையும் மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து அசையாமல் நின்ற மனிதர் அதற்குச் சம்மதிப்பாரா? வர்ணக்காரருக்கு வேலை வந்தது இப்படித்தான்.

கண்ணாடியிலிருந்து படத்தை அச்செடுக்கும் தாளும் லேசுப்பட்டதல்ல. முட்டை வெள்ளைக்கருவும் உப்பும் பூசியது. வழுவழுப்பில் தண்ணீர் வர்ணம் நிற்காமல் திரளும். பிசின் கலந்து தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் கன்னத்திலும் உதட்டிலும் லேசாகச் சாயம் காட்டி விட்டுவிடுவார்கள். நம்மவர்கள் பலர் அடியில் போட்டோ இருப்பதே தெரியாதபடி அப்பிவிட்டார்கள். எனக்கென்னவோ இதுதான் பிடிக்கிறது.

ராஜ உடுப்பு என்றாலே நமக்குச் சிங்கம்பட்டி ஜமீன்தான். 2020-இல் காலமான தீர்த்தபதி ராஜா, ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலில் அந்த உடுப்போடு காட்சி கொடுத்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஆள் அசைந்தால்தான் சரிகை மின்னும். படத்தில் ஏது அசைவு? என்னிடம் வந்த படத்தில் மார்புச் சரிகையின் ஒவ்வொரு பூவையும் பொன் வர்ணத்தால் இதழ் இதழாக எழுதியிருந்தார்கள். தோளுக்குப் போகும்போது கை சலித்துவிட்டது போல, வெறும் புள்ளிகள்.

அந்தக் கறுப்பு ஓரம் தெரிகிற மாதிரி புதுச் சட்டம் போடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் அண்ணாச்சி, மறைச்சிருங்க. பூட்டன் சிவப்பாவே இருக்கட்டும்" என்றார்.

கோட்டைச் சொன்னாரா, முகத்தைச் சொன்னாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. வணக்கம்.