குறைமாசத்தில பிறந்த பிள்ளைக்கு ஒவ்வொரு தடிமனுக்கும் ஏன் இழுக்குது?

சரி, அடுத்த கேள்வி கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்கிறா. மகன் 30 கிழமையில பிறந்தவராம், 1.3 கிலோதானாம், பத்து நாள் மெஷின்ல வச்சிருந்தவையாம். இப்ப ஒண்டரை வயசு. தடிமன் பிடிச்சா ரெண்டாம் நாளே மூச்சு இழுக்கத் தொடங்கிடுதாம். டொக்டர் பம்ப், அதான் இன்ஹேலர், தந்திருக்கிறார், ஆனா மாமி சொல்லுறாவாம் பம்ப் பழகினா பிறகு விட ஏலாது எண்டு. "இது ஆஸ்துமாவா டொக்டர், பம்ப் அடிக்கலாமா?" இதுதான் கேள்வி.

அம்மா, இந்த வயசில, அதுவும் குறைமாசப் பிள்ளைக்கு, ஆஸ்துமா எண்டு பேர் வைக்க அவசரப்படத் தேவையில்ல. நுரையீரல் எண்டுறது பிறக்க முன்னம் கட்டி முடியிற வீடு இல்ல, உள்ள இருக்கிற குட்டிக் குட்டிக் காத்துப்பையளில பெரும்பகுதி பிறந்த பிறகுதான் உண்டாகுது. முழு மாசப் பிள்ளைக்கே அப்பிடி எண்டா உங்கட மகன் பத்துக் கிழமை முந்தி வந்தவர். அந்தப் பையள் ஒட்டிப்போகாம விரிஞ்சு நிக்க உள்ளுக்க ஒரு வழுவழுப்பான பூச்சு வேணும், சர்ஃபக்டன்ட் எண்டு சொல்லுவம், அது போதுமான அளவு வரவே 34, 35 கிழமை ஆகும். 1963ல அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் அஞ்சரைக் கிழமை முந்திப் பிறந்து ரெண்டு நாள்ல தவறிப்போனார், இதே பிரச்சினைதான், ஜனாதிபதி வீட்டுப் பிள்ளைக்கே அண்டைக்கு வழி இருக்கேல்ல. இண்டைக்கு 30 கிழமைப் பிள்ளையள் பெரும்பாலும் சுகமா வீட்ட போகினம். முந்திப் பிறக்கப்போகுது எண்டு தெரிஞ்சா பிரசவத்துக்கு முன்னமே அம்மாவுக்கு ஊசி போடுறது, உங்களுக்கும் போட்டிருப்பினம், அது உங்களுக்கில்ல, பிள்ளையின்ட நுரையீரலுக்கு.

இப்ப ஏன் இழுக்குது? அவரின்ட மூச்சுக்குழாய் சின்னன். தம்பிலிக்குத் தாற ஸ்ட்ரோவையும் பால் பக்கெட்டில ஒட்டியிருக்கிற ஸ்ட்ரோவையும் நினைச்சுப் பாருங்கோ, எதில உறிஞ்சுறது கஷ்டம்? குழாய் பாதியா ஒடுங்கினா காத்துப் போறதுக்கு 16 மடங்கு கஷ்டம். எங்களுக்கு மூக்கடைப்போட போற தடிமன் அவருக்கு நெஞ்சில இறங்கினா சத்தம் வரத்தான் செய்யும்.

பம்ப் பழகிப்போகாது, மாமிக்கு நான் சொன்னதா சொல்லுங்கோ! அது நேரா நெஞ்சுக்குப் போற கொஞ்ச மருந்து, அதே மருந்தைப் பாணியாக் குடுத்தாத்தான் உடம்பெல்லாம் ஓடி நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். பிழை நடக்கிறது அடிக்கிற முறையில. ஸ்பேசர், அதான் பம்புக்கும் மாஸ்க்குக்கும் இடையில மாட்டுற பிளாஸ்டிக் குழாய், அது இல்லாம வாயில நேரா அடிச்சா தொண்டையிலயே நிண்டிடும். மடியில இருத்தி, மாஸ்க்கை மூக்கையும் வாயையும் மூடி வடிவா அமத்தி, பம்பைக் குலுக்கி ஒருக்கா அடிச்சு, அஞ்சாறு மூச்சு எடுக்கும்வரை விட்டுட்டு, பிறகு அடுத்தது. கத்தி அழேக்க மருந்து ஒழுங்கா உள்ள போகாது. இன்னொண்டு, ஸ்பேசரை சோப் தண்ணியில கழுவினா துணியால துடைக்காதீங்கோ, தானா காய விடுங்கோ, துடைச்சா மருந்து பிளாஸ்டிக்கிலயே போய் ஒட்டும். இந்த வயசில எல்லா இழுப்புக்கும் பம்ப் கேக்காது, கேக்காட்டி நீங்களா கூட்டி அடிக்காம கொண்டுவந்து காட்டுங்கோ.

வீட்டுப் புகை. குளிப்பாட்டிட்டு சாம்பிராணி காட்டுறது எங்கட ஆக்களுக்கு விட மனம் வராது, எனக்கும் அந்த மணம் விருப்பம்தான், ஆனா இந்தப் பிள்ளைக்கு வேண்டாம். நுளம்புத்திரியும் அப்பிடித்தான், கொழும்பில டெங்கு இருக்கு எண்டு தெரியும், அதுக்கு வலை கட்டுங்கோ. அப்பா வெளியில நிண்டு சிகரெட் குடிச்சாலும் அந்த சேட்டோட வந்து தூக்கினா புகை கூடவே வருது.

வளர வளர கனபேருக்கு இது குறையும். கன நாள் ஒக்சிஜன்ல இருந்த சிலருக்கு மட்டும் பள்ளிக்கூட வயசிலயும் இருக்கும், அதால கிளினிக்கை விடாதீங்கோ.

எப்ப பயப்பிட வேணும்? நித்திரையில பிள்ளையின்ட சேட்டை உயர்த்திட்டு ஃபோன்ல ஒரு முழு நிமிஷம் வச்சு மூச்சை எண்ணுங்கோ. ஒரு வயசுக்கு மேல 40 அல்லது அதுக்கு மேல போனா வேகம் கூட. விலா இடுக்கு உள்ள இழுபடுதா, மூக்கு விரியுதா, பால் குடிக்க ஏலாம விட்டுவிட்டுக் குடிக்கிறாரா பாருங்கோ. ஒரு வீட்டில இரவு முழுக்க இழுத்த பிள்ளை விடியப்புறம் சத்தமில்லாமப் படுத்திட்டார், சுகமாயிட்டு எண்டு அம்மம்மா போர்த்தி விட்டிருக்கிறா. உண்மையில பிள்ளை களைச்சுப் போயிட்டார், சத்தம் வாறதுக்கே காத்து உள்ள போகேல்ல. நல்ல காலம், தாய் எழும்பி உதட்டைப் பாத்தா, நீலம். அப்பிடி இருந்தா ஓட்டோ தேடி ஓடாதீங்கோ, 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடியுங்கோ, காசு எடுக்க மாட்டினம், அம்புலன்சுக்குள்ளயே ஒக்சிஜன் இருக்கு. சரி, அடுத்த கேள்வி வெள்ளவத்தையில இருந்து...