அதே விதைநெல் மூட்டை

நடுவர் அவர்களே, சபையில் இருக்கும் அம்மாமார், ஐயாமார் எல்லோருக்கும் வணக்கம். இலங்கையின் வடக்கே வன்னியில் வயலை நம்பி வாழும் கமக்காரக் குடும்பத்தை அதிகம் முறித்தது போர்க்காலமா, போருக்குப் பிந்திய காலமா என்பதுதான் தலைப்பு. பிந்திய காலம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி அக்கா பங்கரையும் ஷெல்லையும் சொன்னபோது எனக்கும் கண் கலங்கியது. முள்ளிவாய்க்காலில் போன உயிருக்கு ஈடாக வைக்க என்னிடம் எதுவும் இல்லை, அதை எடைபோடவும் நான் வரவில்லை. நான் கேட்பது கமத்தைப் பற்றி. 90களில் வன்னிக்கு அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை. யூரியா இல்லை, பெற்றோல் இல்லை, விதைக்காமல் விட்டோமா? அப்பா நாலு சொட்டுப் பெற்றோலில் மிஷினை ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் தண்ணீர் இறைப்பார். இரவுக்கு ஜாம் போத்தல் விளக்கு. யூரியாவுக்குப் பதிலாகக் குழை தாட்டோம், பட்டி மாட்டின் எரு போட்டோம், நெல் விளைந்தது. 1996இல் கிளிநொச்சியை விட்டு ஸ்கந்தபுரத்துக்கு ஓடியபோது அம்மா சைக்கிள் கரியரில் முதலில் கட்டியது விதைநெல் மூட்டையைத்தான். அங்கே யாரோ தந்த துண்டு வயலில் அந்தக் காலபோகத்தையே விதைத்தோம்.

அப்புறம் 2009. போர் முடிந்தது, கிட்டத்தட்ட 3 லட்சம் பேர் முட்கம்பிக்குள். மெனிக்பாம் முகாம் மூடப்பட்டதே 2012 செப்டெம்பரில்தான். நாங்கள் திரும்பிப் போனபோது வயல் பற்றைக்காடு, வரம்பில் மண்டையோடு கீறின சிவப்புப் பலகை, கண்ணிவெடி எடுத்து முடியும்வரை கால் வைக்கக் கூடாது. வெளிக்கிடும்போது கயிறு அறுத்துவிட்ட பதினொரு மாட்டில் ஒன்றுகூட இல்லை. பட்டியில் பூவரசங் கட்டை மட்டும் தளிர்த்து நின்றது, அதில் கயிறு தேய்த்த தடத்தை அம்மா விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

மாட்டைப் பறித்தது போர்தானே என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு கன்றைக்கூடச் சேர்க்க விடாதது எது? மாடு இல்லாததால் உழவுக்குக் காசு, அந்தக் காசுக்கு நுண்கடன், கிழமைக்குக் கிழமை தவணை கேட்டு வாசலில் வந்து நிற்கும் மோட்டார் சைக்கிள், ஆண் துணை இல்லாத வீடென்றால் அந்தக் கடன்காரர்கள் பேசுகிற பேச்சே வேறு. 2018இல் வறட்சி மாவட்டப் பெண்களின் 1 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்கும் அளவுக்கு அது முற்றியிருந்தது. கேப்பாப்பிலவுச் சனங்கள் 2017இல் இராணுவம் பிடித்துவைத்த தங்கள் சொந்தக் காணிக்காக இராணுவ முகாம் வாசலில் மாதக்கணக்கில் குந்தியிருந்தார்களே, அது எந்தக் காலம், நடுவர் அவர்களே?

2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். யூரியா இல்லாமல் விளைவிக்கத் தெரியாதவர்களா நாங்கள்? தெரியும். ஆனால் எரு போட மாடு எங்கே? அந்தப் போகம் நெல் பதராகப் போனது. கடன்காரனுக்குக் கொடுத்தது போக வீட்டில் மிஞ்சியது அடுத்த போகத்துக்கென்று எடுத்துவைத்த ஒரு மூட்டை. அதை அவித்துக் காயவைத்து மில்லுக்கு அனுப்பினார், 1996இல் சைக்கிளில் விதைநெல் கட்டிய என் அம்மா.